அன்றாட மேசைக்கணினிக்கு எந்த லினக்ஸ்: மின்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன் – ஓர் ஒப்பீடு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியோ அது ஏற்கும் செயலியோ இல்லாத, மற்றபடி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை வைத்திருப்பவர்கள் லினக்ஸ் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை. லினக்ஸை அடித்தளமாக வைத்து வெவ்வேறு குழுக்கள் தொகுத்துத் தரும் இயங்குதளங்களான இத்தனை வழங்கல்களில் எதை எடுப்பது என்பதே அவர்களுக்கு எழும் முதல் கேள்வி. உலாவி, மின்னஞ்சல், அலுவலக ஆவணங்கள், காணொளி, அச்சிடுதல் ஆகிய அன்றாட வேலைகளை மனத்தில் வைத்து, லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகிய நான்கையும் இங்கே அருகருகே நிறுத்திப் பார்க்கிறேன்.

இவ்வகை ஒப்பீடுகள் பெரும்பாலும் திரையின் தோற்றத்திலிருந்து தொடங்குகின்றன. தோற்றத்தை எந்த வழங்கலிலும் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். ஒரு வழங்கல் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது, அதை எத்தனை ஆண்டுகள் பராமரிக்கிறது என்ற நடைமுறையை நம்மால் மாற்ற முடியாது. கணினியோடு ஆண்டுக்கணக்கில் நாம் எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்பதை அதுவே முடிவு செய்வதால், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒரு முனையில் டெபியன் இருக்கிறது, மறுமுனையில் ஃபெடோரா. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலையான பதிப்பை வெளியிடுகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் நீண்டகால ஆதரவும் உண்டு. இக்காலம் முழுவதும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். மென்பொருள்களின் பதிப்புகள் பெரும்பாலும் மாறுவதில்லை. நிறுவிய அன்று லிப்ரெஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் எந்தப் பொத்தான் எந்த இடத்தில் இருந்ததோ, பதிப்பை மாற்றும் வரை அது அங்கேயே இருக்கும். ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவுடன் 2003 முதல் வெளிவரும் ஃபெடோராவோ ஆறு மாதங்களுக்கு ஒரு பதிப்பைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாத ஆதரவு மட்டுமே என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது அடுத்த பதிப்புக்கு மாறியே ஆக வேண்டும். மென்பொருள் அங்காடியில் ஒரு பொத்தானை அழுத்தி, மறுதொடக்கம் முடியும்வரை காத்திருந்தால் அந்த மாற்றம் முடிந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனாலும் அதன் திரைத்தோற்றத்தையும் சாளரங்களையும் தரும் க்னோம் மேசைச்சூழலின் புதிய பதிப்பு வரும்போது, கூடுதல் வசதிக்காக நாம் சேர்த்துப் பழகிய நீட்சிகளில் ஒன்றிரண்டு வேலை செய்யாமல் நின்றுபோவதும் வழக்கமாகவே இருக்கிறது.

உபுண்டுவும் மின்ட்டும் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. ஐந்து ஆண்டுகள் அதற்கு ஆதரவு உண்டு. ஐந்து கணினிகள் வரை தனிநபர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு ப்ரோவில் பதிவு செய்துகொண்டால் அது பத்து ஆண்டுகளாக நீளும். மின்ட் இதே நீண்டகாலப் பதிப்பின் மேல்தான் கட்டப்படுகிறது: 2024-இல் வந்த மின்ட் 22-க்கு உபுண்டு 24.04 அடித்தளம், 2029 வரை அது பராமரிக்கப்படும்.

அடித்தளம் ஒன்றாக இருந்தும் இவ்விரண்டும் பயனரை நடத்தும் விதம் வேறு. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை ஸ்னாப் பொதியாகவே, அதாவது அது இயங்கத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதியாகவே தருகிறது. டெர்மினலில், மென்பொருளை நிறுவும் வழக்கமான ஆப்ட் கட்டளையைக் கொண்டு ஃபயர்ஃபாக்ஸை நிறுவச் சொன்னாலும், பின்னணியில் இறங்குவது ஸ்னாப்தான். தொடக்கத்தில் இருந்த மந்தம் இப்போது பெருமளவு குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், பயனர் ஒன்றைக் கேட்கும்போது அவருக்கு வேறொன்றைக் கொடுப்பதும், அந்தப் பொதிகளை வழங்கும் அங்காடி உபுண்டுவை உருவாக்கும் கனானிக்கல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதும் கட்டற்ற மென்பொருளின் இயல்போடு பொருந்தவில்லை என்பது என் உறுதியான கருத்து. மின்ட் 2020-இல் தன் 20-ஆம் பதிப்பிலேயே ஸ்னாப்பைத் தடுத்துவிட்டது. வேண்டுவோர் அந்தத் தடையை நீக்கிக்கொள்ளும் வழியையும் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. அதில் ஃபயர்ஃபாக்ஸ் வழக்கமான டெப் பொதியாகவே வருகிறது; வழங்கலின் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் இல்லாதவற்றுக்கு, ஸ்னாப்பைப் போன்ற மற்றொரு பொதிமுறையான ஃபிளாட்பேக் இருக்கிறது.

புதிதாக வருபவருக்கு நான் மின்ட்டைப் பரிந்துரைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம், இயங்குதளத்தின் நிலையை அவ்வப்போது பதிவு செய்து வைக்கும் டைம்ஷிப்ட் என்ற கருவி. மற்ற வழங்கல்களிலும் அதை நிறுவிக்கொள்ளலாம் என்றாலும், மின்ட்டின் வரவேற்புத் திரையே முதல் வேலைகளில் ஒன்றாக அதை அமைக்கச் சொல்கிறது. ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு கணினி மேசைத்திரை வரை வராமல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிறுவுவதற்குப் பயன்படுத்திய பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, டைம்ஷிப்டைத் திறந்து, நிலைப்பதிவுகள் இருக்கும் வட்டைக் காட்டி, முந்தைய நாளுக்குரியதைத் தேர்ந்தெடுத்து மீட்கச் சொன்னால் போதும். இயங்குதளக் கோப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். இயல்பான அமைப்பில் நம் ஆவணங்களையும் படங்களையும் அது தொடாது. பழுது பார்க்கத் தெரியாத ஒருவரும் அச்சமின்றிப் புதுப்பிப்புகளை ஏற்க இது வழி செய்கிறது.

புதிய வன்பொருள் என்று வரும்போது நிலைமை மாறுகிறது. மின்ட்டின் சின்னமன் மேசைச்சூழல், திரையில் சாளரங்களை வரையும் பழைய அமைப்பான எக்ஸ்11 மீதே இன்னும் உறுதியாக நிற்கிறது. அதற்கு மாற்றாக வந்த வேலண்டில் இயங்கும் அமர்வு 21.3 பதிப்பில் சோதனை நிலையில் அறிமுகமானது. ஃபெடோராவோ 2016-இல் வெளியான 25-ஆம் பதிப்பிலேயே வேலண்டை இயல்பான தேர்வாக்கிவிட்டது. நெருக்கமான பிக்சல்கள் கொண்ட மடிக்கணினித் திரையோடு ஒரு சாதாரண முழு எச்டி திரையை இணைத்து வேலை செய்பவர் இந்த வேறுபாட்டை முதல் நாளே உணர்வார். எழுத்துகளை ஒரு திரையில் 150 விழுக்காடும் மற்றதில் 100 விழுக்காடும் வைத்து, ஒரு சாளரத்தை இங்கிருந்து அங்கு இழுத்துச் சென்றால் வேலண்டில் அது சரியான அளவுக்கு மாறிக்கொள்கிறது; எக்ஸ்11-இல் மங்கலையோ அளவுப் பொருத்தமின்மையையோ சகித்துக்கொள்ள நேர்கிறது. அண்மையில் சந்தைக்கு வந்த மடிக்கணினியின் வைஃபை, ஒலி, உறக்கநிலை ஆகியவற்றுக்குப் வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் புதியதாகத் தேவைப்படுவதும் இயல்பு. ஒரே பதிப்பின் ஆயுளுக்குள்ளேயே கர்னலை முன்னேற்றிக்கொண்டே போகும் ஃபெடோரா இங்கே முந்துகிறது.

ஆனால் ஃபெடோராவில் காணொளிக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. காப்புரிமைச் சிக்கல் கருதி, எச்.264, எச்.265 ஆகிய காணொளி வடிவங்களை வரைகலை அட்டையின் துணையோடு இயக்கும் பகுதியை அது 2022-இல் நீக்கிவிட்டது. ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்து, உரிய பொதிகளை மாற்றிக்கொண்டால் சிக்கல் தீரும். செய்யாவிட்டால் சில காணொளிகள் ஓடாமல் போகலாம், அல்லது செயலியே முழுச் சுமையையும் சுமந்து மின்கலத்தைத் தின்னலாம். மின்ட்டில் இதற்குரிய பொதிகளை, இயங்குதளத்தை நிறுவும்போதே ஒரு கட்டத்தில் குறியிட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

டெபியன் முன்னர் வைஃபை அட்டைகளுக்கான நிலைப்பொருளை (அட்டைக்குள் ஓடும் சிறு மென்பொருளை) தன் நிறுவியில் சேர்க்க மறுத்துவந்தது. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து அந்தக் கொள்கையை மாற்றியதால், 12-ஆம் பதிப்பு முதல் அந்தத் தொல்லை இல்லை. எதையும் அடிக்கடி மாற்ற விரும்பாத, ஓரளவு அனுபவமுள்ளவருக்கு அது மிக நல்ல தேர்வு.

ஏதேனும் ஒரு நிறுவனத்தின் வணிக மென்பொருளை நம்பி வேலை செய்பவர், அந்நிறுவனம் எந்த லினக்ஸை ஆதரிப்பதாகச் சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் உபுண்டுவின் பெயர்தான் இருக்கும். ஃபோட்டோஷாப், மைக்ரோசாஃப்ட் ஆபிஸின் மேசைப்பதிப்பு, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் சில இணைய விளையாட்டுகள் ஆகியவை இன்றியமையாதவை என்றால் நான்கில் எதுவும் உதவாது. அவர்கள் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. தமிழ் உள்ளீட்டைப் பொறுத்தவரை கவலையில்லை: தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய இரண்டும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக நான்கிலும் கிடைக்கின்றன.

ஆகவே பழைய கணினிக்கும் புதிய பயனருக்கும் மின்ட். நினைவகம் 4 ஜிபி மட்டுமே என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைச்சூழலோடு வரும் அதன் பதிப்பு. புதிய மடிக்கணினிக்கு ஃபெடோரா. எதை எடுத்தாலும், வட்டில் நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே இயக்கி வைஃபை, ஒலிவாங்கி, கேமரா, அச்சுப்பொறி ஆகியவற்றைச் சோதியுங்கள். மடிக்கணினியின் மூடியை மூடி, சில நிமிடங்கள் கழித்துத் திறந்து, திரை மீண்டும் வருகிறதா என்றும் பாருங்கள். என்விடியா அட்டை உள்ள கணினியில் மட்டும், நிறுவனத்தின் சொந்த இயக்கியை நிறுவிய பிறகு இந்த உறக்கச் சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும். பென்டிரைவில் பெரும்பாலும் ஓடுவது நூவோ என்ற வேறொரு இயக்கி.