கூடுவாஞ்சேரி முதல் எழும்பூர் வரை: நெரிசல் ரயிலா, சொந்தக் காரா?

எங்கள் அலுவலகத்தில் காலை 9.30-க்குள் வருகைப் பதிவு இயந்திரத்தில் விரல் வைத்தாக வேண்டும். பத்து நிமிடம் சலுகை உண்டு. 9.41 ஆகிவிட்டால் அரை நாள் விடுப்பு போய்விடும். வீடு சென்னைக்குத் தெற்கே கூடுவாஞ்சேரியில், வேலை நகருக்குள் எழும்பூரில். ஏழு ஆண்டுகள் மின்சார ரயிலில் போனேன். பிறகு பதினான்கு மாதங்கள் காரில் போனேன். இப்போது மறுபடியும் ரயில். இரண்டிலும் உடம்பு நொந்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

இந்த ஒப்பீட்டை எல்லோரும் சராசரி நேரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். என் கணக்கில் அது சமமாகவே வருகிறது. ஸ்கூட்டரில் நிலையத்துக்குப் போவது, நிறுத்துமிடத்தில் இடம் தேடுவது, நடைமேம்பாலம் ஏறி இறங்குவது, காத்திருப்பது, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், எழும்பூரில் இறங்கிக் கொஞ்சம் நடை என்று எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். காரிலும் சராசரி ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் சராசரியை வைத்துக்கொண்டு விரல் வைக்க முடியாது. காரில் நல்ல நாளில் ஒரு மணி ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறேன். கெட்ட நாளில் இரண்டே கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. எந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்பது வண்டலூரைத் தாண்டிய பிறகுதான் தெரியும். அப்போது திரும்பி வந்து ரயில் பிடிக்கவும் முடியாது.

திங்கள்கிழமை காலையை எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதிக்கு ஊருக்குப் போனவர்கள் அத்தனை பேரும் அன்று, தெற்கிலிருந்து சென்னைக்குள் வரும் ஜி.எஸ்.டி. சாலை வழியாகத்தான் திரும்புகிறார்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. இறங்கிய கூட்டம் நகருக்குள் போக மாநகரப் பேருந்தையும் ஆட்டோவையும் டாக்ஸியையும் பிடிக்கிறது. அவையெல்லாம் எனக்கு முன்னால் ஊர்கின்றன. பெருங்களத்தூர், இரும்புலியூர், குரோம்பேட்டை, பல்லாவரம், விமான நிலைய வாசல் என்று ஒவ்வொன்றாகக் கடந்து கத்திப்பாராவுக்கு வர வேண்டும். 2008-இல் திறந்த அந்த மேம்பாலத்தின் மேல் ஏறும் நொடியில் ஒரு சுதந்திர உணர்வு வரும். கிண்டியில் இறங்கியதும் அது போய்விடும். அதற்குப் பிறகு சைதாப்பேட்டை, அண்ணா சாலை. சைதாப்பேட்டைக்கும் தேனாம்பேட்டைக்கும் இடையே மேம்பாலப் பணி தொடங்கியதிலிருந்து அந்தத் துண்டில் எவ்வளவு நேரம் ஆகும் என்று பந்தயம்கூடக் கட்ட முடியாது.

ரயிலுக்கும் கெட்ட நாட்கள் உண்டு. மேலே போகும் மின்கம்பி அறுந்தால் வழித்தடமே நின்றுவிடும். 2024 ஆகஸ்டில் தாம்பரம் பணிமனைப் பாதைகளை மாற்றியமைத்தபோது வண்டிகளை ரத்து செய்தார்கள். அந்த நாட்களில் பல்லாவரம் வரை எப்படியாவது வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்தது. கனமழையில் தண்டவாளம் மூழ்கினால் சொல்லவே வேண்டாம். இருந்தாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரயிலின் கெட்ட நாள் ஆண்டில் சில முறை வருகிறது, வந்தால் முழுதாக வருகிறது, ஊருக்கே தெரிகிறது. மின்கம்பி அறுந்தது தொலைக்காட்சியில் ஓடும், மேலதிகாரியும் பார்த்திருப்பார். இரும்புலியூரில் நான் நாற்பது நிமிடம் நின்றது எந்தச் செய்தியிலும் வராது. கார் காலத்தில் எனக்குப் போன அரை நாள் விடுப்புகள் பதினொன்று. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தமாகவே அவ்வளவு போயிருக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை ரயில் ஜெயிக்கிறது என்றால் உடம்பைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

சென்னை கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அன்றைக்குத் தாம்பரம் ஊருக்கு வெளியே இருந்தது. இன்றைக்கு ஊரின் எல்லை எது என்று கேட்டால் மறைமலை நகர்க்காரர் ஒன்று சொல்வார், செங்கல்பட்டுக்காரர் வேறொன்று சொல்வார். வீடுகள் தெற்கே போய்க்கொண்டே இருக்கின்றன, ஆனால் தாம்பரத்திலிருந்து புறப்படும் வண்டிகள் அளவுக்குத் தெற்கிலிருந்து வண்டிகள் இல்லை. தாம்பரத்தில் ஒரு வண்டியைத் தவறவிட்டவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அடுத்ததில் ஏறிவிடுவார். கூடுவாஞ்சேரியில் தவறவிட்டவர் கைப்பேசியில் வீட்டுக்காரரையோ அலுவலகத்தையோ அழைப்பார். எங்கள் நிலையத்துக்கு வண்டி வரும்போதே செங்கல்பட்டும் சிங்கப்பெருமாள் கோவிலும் மறைமலை நகரும் உள்ளே உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு மிச்சம் இருப்பது நிற்கும் இடம். பெருங்களத்தூர்க்காரருக்கு மிச்சம் இருப்பது ஒற்றைக் காலுக்கு இடம்.

புதிதாக ஏறுகிறவர்கள் தாம்பரம் வந்தால் கூட்டம் குறையும் என்று நம்புவார்கள். நானும் முதல் வாரம் நம்பினேன். பத்துப் பேர் இறங்க, ஐம்பது பேர் ஏறுவார்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் வரை பெட்டி இறுகிக்கொண்டே போகும். அந்தத் துண்டில் கையை மேலே தூக்கியவர் இறக்க முடியாது, இறக்கியிருந்தவர் தூக்க முடியாது. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டம். மீறினால், "தம்பி, பைக்கும் டிக்கெட் எடுத்தீர்களா?" என்று ஒரு பெரியவர் நிச்சயம் கேட்பார். மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆள் உட்காரக் கேட்க வேண்டியதில்லை, பார்த்தாலே நகர்ந்துகொள்வார்கள். கிண்டியில் பெட்டி முதல் முறை மூச்சு விடும். மாம்பலத்தில் இரண்டாம் முறை. கோடம்பாக்கம் தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, அடுத்தது எழும்பூர். ஒரு மணி நேரம் நின்றவனுக்குக் கிடைக்கும் அந்த ஐந்தாறு நிமிட இருக்கையை நான் ஒருநாளும் விட்டதில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதலாம். படிக்கட்டுப் பயணத்தை அப்படி எழுத முடியவில்லை. 2018 ஜூலை 24 காலை, மின்கம்பி கோளாறால் வேறு பாதையில் திருப்பிவிடப்பட்ட வண்டியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பரங்கிமலை நிலையத்துத் தடுப்புச் சுவரில் மோதி இறந்தார்கள். வழக்கமான பாதையில் அந்தச் சுவர் அவ்வளவு நெருக்கத்தில் வராது. தினமும் அதே வண்டியில் அதே இடத்தில் தொங்குகிறவருக்கு எந்தக் கம்பம் எங்கே வரும் என்று மனப்பாடம் ஆகியிருக்கும். பாதை மாறிய அன்று அந்த மனப்பாடமே ஆளைக் கொன்றுவிடும். உள்ளே போக முடியாத வண்டியை விட்டுவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதன் விலையாக வீட்டிலிருந்து இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்புகிறேன்.

2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் ஓடுகிறது. கதவு தானாக மூடிக்கொள்ளும், அதனால் தொங்க வழியில்லை. தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை 105 ரூபாய். சாதாரண வண்டிக்குப் பழகிய கைக்கு அது கனமான தொகை. காரிலிருந்து இறங்கி வருகிறவருக்குக் கனமே இல்லை. ஆனால் நாளுக்குச் சில சேவைகள்தான். உங்கள் நேரத்துக்கு அது வந்தால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

பணக் கணக்கை நீட்ட ஒன்றுமில்லை. கூடுவாஞ்சேரி–எழும்பூர் ரயில் கட்டணம் பத்து ரூபாய். போக வர இருபது, மாதம் இருபத்திரண்டு வேலை நாளுக்கு 440. சீசன் டிக்கெட் எடுத்தால் அதைவிடக் குறைவு. நிலையத்தில் ஸ்கூட்டர் நிறுத்தும் செலவைச் சேர்த்தாலும் ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். காரில் போக வர சுமார் 72 கிலோமீட்டர். நெரிசலில் என் வண்டி லிட்டருக்குப் பதினான்கு கொடுத்தால் பெரிய விஷயம். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் பெட்ரோலில் நாளுக்கு ஐந்நூறு, மாதம் பதினோராயிரம். மாதத் தவணை, காப்பீடு, எழும்பூரில் வண்டி நிறுத்த நான் பட்ட பாடு எல்லாம் தனி. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தியதற்காக அந்த வீட்டம்மாவிடம் இருமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

பிறகு ஏன் பதினான்கு மாதம் ஓட்டினேன்? மழைக்காலம் ஒரு காரணம். நனையாமல் போய் நனையாமல் திரும்புவதன் சுகத்தை மறுப்பவர் பொய் சொல்கிறார். அப்பாவுக்கு அப்போது வாரம் இருமுறை மருத்துவமனை போக வேண்டியிருந்தது இன்னொரு காரணம், அதுதான் பெரியது. மாலை நான்கு மணிக்குத் தொலைபேசி வந்தால் உடனே கிளம்ப வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் இருப்பவருக்கு ரயிலின் சிக்கனத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் கார் ஓட்டியதில் ஓய்வு கிடைத்ததா என்றால், இல்லை. இடது முழங்கால் கிளட்ச் மிதித்தே வீங்கியது. ரயிலில் யார்மீதும் வராத கோபம், எதிர்த்திசையில் ஏறி வரும் ஒவ்வொரு வண்டிமீதும் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அது இறங்காது. இரண்டு மாதம் பொறுத்த பிறகு என் மனைவிதான் சொன்னாள்: "ரயிலில் போனபோது கசங்கி வந்தீர்கள். இப்போது கத்திக்கொண்டே வருகிறீர்கள்."

அவளும் பயணிதான், குரோம்பேட்டைக்குப் போகிறாள். மகளிர் பெட்டியில் நெரிசல் குறைவு என்று ஆண்கள் நினைப்பது கட்டுக்கதை என்கிறாள். காலையில் அங்கும் அதே இறுக்கம்தான். இரவு ஒன்பதுக்கு மேல் நிலைமை தலைகீழ்: பெட்டி காலியாக இருப்பதே பயம். அந்த நேரத்தில் முடிகிற வேலை என்றால் அவள் ரயிலைப் பரிந்துரைக்கமாட்டாள். நானும்தான்.

பைக்கைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. உண்மையில் சென்னையில் காருக்கு மாற்று பைக்தான், ரயிலுக்கும் அதுவே போட்டி. நேரம் மிச்சம், நெரிசலில் நுழைந்து போய்விடலாம், பெட்ரோல் காரில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் தினம் 72 கிலோமீட்டர், இருபுறமும் பேருந்தும் லாரியும், மே மாத வெயில். ஒரு மாதம் முயன்றுவிட்டு முதுகு கேட்டுக்கொண்டதால் நிறுத்தினேன்.

மெட்ரோவைச் சொல்பவர்களுக்கும் ஒரு பதில். விமான நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு மெட்ரோ பிடிக்கலாம் என்பது வரைபடத்தில் அழகாக இருக்கிறது. என் பாதையில் நெரிசலின் பாதி பெருங்களத்தூருக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் இருக்கிறது. அதைக் காரில் கடந்து முடித்த பிறகு மெட்ரோவில் ஏறி என்ன பயன்? விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கிலோமீட்டர் நீட்டிக்கும் திட்டம் கட்டி முடிந்து ஓடும் நாளில் இந்த ஒப்பீட்டை மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.

வேலை எங்கே என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும். கிண்டி, மாம்பலம், நுங்கம்பாக்கம், எழும்பூர், பூங்கா என்று தண்டவாளத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அலுவலகம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ரயில். சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் என்றால் இந்த ரயிலால் உங்களுக்கு எதுவும் இல்லை. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் அலுவலகப் பேருந்தோ சொந்த வண்டியோதான் வழி. அம்பத்தூர் என்றால் கடற்கரை வரை போய் வண்டி மாறும் பொறுமை இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இருக்காது.

ஏழரைக்கு முந்தைய வண்டிக்கு இப்போது மாறியிருக்கிறேன். அதில் நிற்க இரண்டு காலுக்கும் இடம் இருக்கிறது. அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுவதால், எழும்பூர் நிலையத்துக்கு வெளியே டீயும் நாளிதழுமாக உட்கார்ந்திருக்கிறேன். காரை விற்கவில்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை உட்காரவைத்து நந்திவரம் ஏரிப் பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருகிறேன். அந்த நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலை காலியாகத்தான் இருக்கிறது.