சிங்கப்பூர், மலேசியாவில் ஃபாரெக்ஸ் கார்டு: ஆறு பயணங்களின் அனுபவம்

மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். 2017 முதல் ஆறு முறை போய் வந்துவிட்டோம், அதில் இரண்டு முறை மலேசியாவும் சேர்ந்தது. முதல் தடவை, போகிற வழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று கிருஷ்ணகிரியிலிருந்து ரூபாயாகவே எடுத்துப் போனேன். விமான நிலையக் கவுன்ட்டரில் சிங்கப்பூர் டாலருக்குச் சொன்ன விலை, காலையில் செல்போனில் பார்த்ததைவிட மூன்று ரூபாய் கூடுதல். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, வாங்கிக்கொண்டோம்.

அடுத்த பயணத்திலிருந்து ஃபாரெக்ஸ் கார்டுதான், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் கார்டு. பணம் ஏற்றும் அன்றைய விலை அப்படியே நிற்கும், நடுவில் ரூபாய் சரிந்தாலும் கவலையில்லை. சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டில் செலவழித்தால் 3.5 சதவீதம் மார்க்கப் (பணத்தை மாற்றுவதற்குப் பிடிக்கும் கூடுதல் தொகை), அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. லட்ச ரூபாய் செலவழித்தால் 4,130 ரூபாய் அதற்கே போய்விடும். ஆனால் ஃபாரெக்ஸ் கார்டிலும் ஒரு விஷயம் உண்டு. சிங்கப்பூர் டாலர் மட்டும் ஏற்றிய கார்டை மலேசியாவில் தேய்த்தேன். மலேசியப் பணமான ரிங்கிட்டாக மாற்றியதற்குத் தனிக் கட்டணம் பிடித்துவிட்டார்கள். இப்போது ரிங்கிட்டையும் தனியாக ஏற்றிக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது கோலாலம்பூரில் 2023இல் நடந்தது. ஒரு துணிக்கடையில் 640 ரிங்கிட்டுக்குச் சேலைகள் எடுத்தோம். ஃபாரெக்ஸ் கார்டில் பணம் தீர்ந்திருந்ததால் கிரெடிட் கார்டை நீட்டினேன். “அண்ணே, ரூபாய்ல போடவா, ரிங்கிட்ல போடவா?” என்று கல்லாவில் இருந்த பெண் கேட்டாள். நம்ம ஊர்ப் பணமாச்சே, கணக்கு சுலபம் என்று ரூபாய் என்றேன். அன்றைய விலைக்கு 11,600 வந்திருக்க வேண்டும், சீட்டில் 12,280. ரூபாய் என்று சொன்ன நிமிடமே, ரிங்கிட்டை எந்த விலையில் ரூபாயாக மாற்றுவது என்று நிர்ணயிக்கும் உரிமை அந்தக் கடையின் கார்டு மெஷின் பக்கம் போய்விடுகிறது. கடை, ஓட்டல், ஏ.டி.எம். எங்கே கேட்டாலும் அந்த நாட்டுப் பணத்தையே சொல்லுங்கள். சீட்டில் கையெழுத்துப் போடும் முன் எந்தப் பணத்தில் அடித்திருக்கிறது என்றும் பாருங்கள். வயதான பெற்றோரைத் தனியாக அனுப்புகிறவர்கள் இந்த ஒன்றையாவது சொல்லி அனுப்புங்கள்.

நோட்டும் கொஞ்சம் வேண்டும். ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாகக் கொண்டுபோகலாம், எங்களுக்கு 300 சிங்கப்பூர் டாலரே தாராளம். சிங்கப்பூரின் தேக்கா மார்க்கெட்டில் சாப்பிட அதுதான் சௌகரியம். எங்கள் ஊர் வங்கிக் கிளையில் கேட்டதும் கிடைக்கவில்லை, ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்து ஓசூரில் வாங்கினேன். 50,000 ரூபாய் மதிப்புக்கோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பணம் வாங்கினால் ரொக்கமாகத் தர முடியாது, காசோலை, கார்டு மாதிரி வங்கி வழியாகத்தான் போக வேண்டும். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்களைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம், அவசரத்துக்கு வைத்திருக்கும் வங்கிக் கார்டு. 2020 அக்டோபர் முதல் வரும் புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே இருக்கும். கிளம்பும் முன் ஆப்பில் திறந்துவிடுங்கள், ஓ.டி.பி. வர சிம்முக்கு ரோமிங்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபின் 2,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் மிஞ்சியதை 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். எங்களிடம் மிஞ்சுவது நாற்பது ஐம்பது சிங்கப்பூர் டாலர்தான். சில்லறை நாணயத்தை நான் கேட்ட இடத்தில் யாரும் மாற்றித் தரவில்லை. அதை ஒரு சுருக்குப் பையில் போட்டு பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறாள் என் மனைவி, அடுத்த முறை இறங்கியதும் டீ குடிக்க.