இயர்பட்ஸ் லேப்டாப்ல ஒட்டலையா? டாங்கிளா, டிரான்ஸ்மிட்டரா, புது பட்ஸா

காலையில 10 மணி மீட்டிங். 9:58க்கு கேஸைத் திறந்து பட்ஸை காதுல சொருகுறேன், "கனெக்டட்"ன்னு ஒரு பொண்ணு குரல் சொல்லுது, அப்பாடான்னு உக்காந்தா மீட்டிங் சத்தம் லேப்டாப் ஸ்பீக்கர்ல வந்துட்டிருக்கு. அப்போ கனெக்ட் ஆனது எதுகூட? சமையக்கட்டுல அம்மா கையில இருந்த என் போன்கூட. மேனேஜர் ஸ்டேட்டஸ் கேக்குறாரு, என் காதுக்குள்ள சமையல் வீடியோவுல ஒரு அம்மா "வெந்தயத்தை கருக விட்றாதீங்க"ன்னு சொல்லிட்டிருக்காங்க, எங்கம்மா அங்கிருந்து "டேய், போன்ல சத்தமே வரலடா"ன்னு கத்துறாங்க.

இது நடந்து ஆறேழு மாசம் ஆச்சு. இதுக்காக நான் பட்ட பாடு, வாங்கின சாமான், வாங்கி டிராயர்ல தூக்கிப் போட்ட சாமான் எல்லாத்தையும் சேத்துத்தான் எழுதுறேன். முதல்லயே சொல்லிடறேன், நான் யூஎஸ்பி ஆடியோ டிரான்ஸ்மிட்டர் (யூஎஸ்பி போர்ட்ல சொருகி, சத்தத்தை பட்ஸுக்கு அனுப்புற குட்டிச் சாமான்) பக்கம் சாஞ்சவன், அதனால அதைப் பத்திதான் நீட்டி முழக்குவேன்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஓசியில பாக்க வேண்டியதைப் பாத்துடுங்க. பாதிப் பேருக்கு பிரச்சினை இங்கேயே முடிஞ்சிடும்.

பட்ஸ் கேஸைத் திறந்த உடனே கடைசியா எதுகூட பேசிச்சோ அதைத்தான் தேடிப் போகும், அதனால வீட்டுல இருக்கிற போன், டேப்லெட் எல்லாத்துலயும் ப்ளூடூத்தை அணைச்சுட்டு லேப்டாப்ல டிரை பண்ணுங்க. அப்புறம், ஏற்கனவே ஒரு போனோட பழகின பட்ஸ் சும்மா மூடியைத் திறந்தா மட்டும் புது ஆளைச் சேத்துக்காது, பேரிங் மோடுக்கு, அதாவது புது ஆளைச் சேத்துக்கிற நிலைக்குப் போகணும். கேஸ்ல பட்டன் இருந்தா லைட் மினுக்குற வரைக்கும் அமுக்கிப் பிடிக்கணும், பட்டனே இல்லாத மாடல்னா ரெண்டு பட்ஸையும் தொட்டுப் பிடிக்கிற மாதிரி ஏதாவது வச்சிருப்பான், டப்பாவுல வந்த சின்னத் தாளைப் பாருங்க. ஒரு காது மட்டும் வேலை செய்யலன்னா பல நேரம் அது ப்ளூடூத் கோளாறே இல்ல, அழுக்கு. கேஸுக்குள்ள பட்ஸ் உக்கார்ற குழியில ரெண்டு மூணு பொட்டு மாதிரி பித்தளை கலர்ல ஊசி இருக்கும், எனக்கு இடது பக்கக் குழியில காதழுக்கும் தூசியும் சேந்து ஒரு ஊசி மேல கறுப்பா படிஞ்சு கெடந்துச்சு, அந்தப் பக்கம் சார்ஜே ஏறல. காதுல விடுற பஞ்சுக் குச்சியை லேசா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்சு தேச்சு, காய விட்டு வச்சதும் சரியாயிடுச்சு. ஏர்பாட்ஸ்ல ரீசெட் பண்ணனும்னா பின்னாடி பட்டன் இருக்கிற கேஸ்ல 15 செகண்ட் போல அமுக்கிப் பிடிச்சா லைட் ஆரஞ்சு மினுக்கி வெள்ளைக்கு வரும், மத்த கம்பெனிக்கு ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வழி.

இன்னொண்ணு, இதைத்தான் நிறைய பேர் பாதி மட்டும் செய்றாங்க. லேப்டாப்ல "ரிமூவ் டிவைஸ்" குடுத்தா போதாது, பட்ஸையும் ரீசெட் பண்ணனும். ஏன்னு கீழ வருது, அதுதான் இந்தக் கதைக்கே அடிப்படை.

பேரிங் பண்றப்போ ரெண்டு பக்கமும் சேந்து ஒரு சாவி உருவாக்கிக்குது, லிங்க் கீன்னு சொல்லுவாங்க. ஒரு காப்பி பட்ஸ்ல, ஒரு காப்பி லேப்டாப்ல. அடுத்த தடவை பாக்குறப்போ ரெண்டும் சாவியை ஒப்பிட்டுப் பாத்துக்கும், ஒத்துப்போனா உள்ள விடும். ஒரு பக்கம் மட்டும் சாவியைத் தொலைச்சுட்டா இல்ல மாத்திட்டா, இன்னொரு பக்கம் பழைய சாவியையே வச்சுக்கிட்டு கதவை ஆட்டிட்டு நிக்கும். ஸ்க்ரீன்ல "பேர்டு"ன்னு இருக்கும், ஆனா கனெக்ட் ஆகாது. ஆக, லேப்டாப் பக்கத்து சாவி எங்க உக்காந்திருக்குங்கிறதை வச்சுத்தான் நான் மூணு ஆப்ஷனையும் எடை போட்டேன். விலை, சவுண்டு எல்லாம் அப்புறம்தான்.

எனக்கு ரெண்டு மெஷின். ஒண்ணு ஆபீஸ் லேப்டாப், ஒவ்வொரு அப்டேட்டுக்கு அப்புறமும் ப்ளூடூத் பட்டனே காணாமப் போயிடும். டிவைஸ் மேனேஜர்ல போய் அடாப்டரை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணா வந்துடும்னு தெரியும், ஆனா அட்மின் பாஸ்வேர்ட் கேக்கும், அது ஐடி டீம்கிட்ட, டிக்கெட் போட்டா நாளைக்குப் பாக்குறோம்பாங்க. இன்னொண்ணு என் சொந்த கம்ப்யூட்டர், அதுல விண்டோஸும் உபுண்டுவும் (லினக்ஸ்ல ஒரு வகை) ரெண்டு ஓஎஸ்ஸும் இருக்கு, இதை டூயல் பூட்னு சொல்லுவாங்க. இங்கதான் கூத்து. ரெண்டு ஓஎஸ்ஸும் ஒரே ப்ளூடூத் ரேடியோவைத்தான் (சிக்னல் அனுப்பி வாங்குற சிப்) யூஸ் பண்ணுது, அதனால பட்ஸ் பார்வையில ரெண்டும் ஒரே ஆளு. விண்டோஸ்ல பேர் பண்ணா ஒரு சாவி, உபுண்டு போய் பேர் பண்ணா அதே முகவரிக்கு புது சாவி, பழசு அழிஞ்சிடும். திரும்ப விண்டோஸ் வந்தா அது பழைய சாவியை நீட்டும், பட்ஸ் "நீ யாருப்பா"ன்னு கேக்கும். ஒரு ஓஎஸ்ல இருந்து சாவியை எடுத்து இன்னொண்ணுல கையால எழுதி வைக்க வழி இருக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து செஞ்சும் பாத்தேன், நடந்துச்சு, அடுத்து பட்ஸை ரீசெட் பண்ணப்போ மறுபடி மொதல்ல இருந்து.

முதல்ல நான் வாங்கினது சாதா ப்ளூடூத் டாங்கிள், யூஎஸ்பி போர்ட்ல சொருகினா கம்ப்யூட்டருக்கு ப்ளூடூத் குடுக்கிற சாமான். 500 ரூபா சொச்சம், சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். உள்ள இருக்கிற ப்ளூடூத் செத்துப் போன இல்ல ப்ளூடூத்தே இல்லாத டெஸ்க்டாப்புக்கு இதைவிட நல்ல விஷயம் கிடையாது, மவுஸ், கீபோர்டு, கன்ட்ரோலர் எல்லாம் இதுல ஓடும். எனக்கு ஏன் ஆகலன்னா, விண்டோஸ் ஒரு நேரத்துல ஒரு ப்ளூடூத் ரேடியோவைத்தான் கவனிக்கும், இதைச் சொருகினா உள்ள இருக்கிறதை டிவைஸ் மேனேஜர்ல டிஸேபிள் பண்ணனும், ஆபீஸ் லேப்டாப்ல மறுபடி அதே அட்மின் பாஸ்வேர்ட். சாவியும் விண்டோஸ்கிட்டயேதான் இருக்கும், அதனால டூயல் பூட் பிரச்சினை அப்படியே நிக்குது. வாங்குறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. ரொம்ப சீப்பா "சிஎஸ்ஆர் 4.0"ன்னு (சிஎஸ்ஆர்ங்கிறது ஒரு சிப் கம்பெனி பேரு) விக்கிறதுல டூப்ளிகேட் சிப் ஏராளம், லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்லயே அந்தப் போலி சிப்புகளுக்குன்னு தனியா சமாளிப்பு கோட் எழுதி வச்சிருக்காங்கன்னா பாத்துக்குங்க. அடுத்தது, யூஎஸ்பி 3 போர்ட்ல சொருகாதீங்க, நிறைய லேப்டாப்ல அது நீலக் கலர்ல இருக்கும். யூஎஸ்பி 3 ஓடுறப்போ கிளம்புற இரைச்சல் ப்ளூடூத் இருக்கிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே விழுது, இன்டெல் 2012லயே இதைப் பத்தி அறிக்கை போட்டிருக்கு. பக்கத்து போர்ட்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் காப்பி ஆகிட்டிருந்தா பாட்டு விக்கல் எடுத்த மாதிரி வெட்டி வெட்டி வரும். கறுப்பு போர்ட் பாருங்க, இல்லன்னா அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு தள்ளி வைங்க.

ரெண்டாவது, மல்டிபாயிண்ட் இருக்கிற புது பட்ஸ். ஒரே நேரத்துல போன், லேப்டாப் ரெண்டுலயும் ஒட்டிக்கும். இது என்கிட்ட இல்ல, தங்கச்சி வச்சிருக்கா, அவகிட்ட ஒரு வாரம் கடன் வாங்கி ஓட்டினதுதான் என் அனுபவம், அதனால இதுல என் பேச்சை முழுசா நம்பாதீங்க. போனும் லேப்டாப்பும் ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு இது சொகுசுதான், மறுக்கல. ஆனா மீட்டிங் நடுவுல போன்ல ஒரு ரீல்ஸ் தப்பா ஓடினா சவுண்டு அங்க தாவிடுது. சில மாடல்ல எல்டாக் (உயர்தரமா பாட்டு கேக்குறதுக்கான ப்ளூடூத் முறை) ஆன் பண்ணா மல்டிபாயிண்ட் ஆஃப் ஆயிடும், வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பாத்துக்குங்க. என் கேஸ்ல இது மருந்தே கிடையாது, லேப்டாப்ல ப்ளூடூத்தே காணாமப் போறப்போ பட்ஸ் எத்தனை பேரோட பேசினா என்ன?

இப்போ என் ஆளு. ஆடியோ டிரான்ஸ்மிட்டர் பாக்க டாங்கிள் மாதிரியே இருக்கும், ஆனா வேலை வேற. கம்ப்யூட்டருக்கு இது ப்ளூடூத்துன்னே தெரியாது, ஒரு யூஎஸ்பி சவுண்டு கார்டு வந்து உக்காந்திருக்குன்னு நினைச்சுக்கும். அதுக்கான டிரைவர் (அதை ஓட்டுற சாப்ட்வேர்) விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாத்துலயும் ஏற்கனவே உள்ள இருக்கு. பேரிங் பண்றது, சாவி வச்சுக்கிறது எல்லாம் அந்தக் குட்டிச் சாமானுக்குள்ளயே நடக்குது. கிரியேட்டிவ் கம்பெனியோட பிடி-டபிள்யூ வரிசை இந்த ஜாதிதான், வேற கம்பெனிலயும் இருக்கு.

முத நாள் சொருகினேன், அதுல இருக்கிற ஒரே ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சேன், லைட் வேகமா மினுக்குச்சு, பட்ஸையும் பேரிங் மோடுல போட்டேன், அஞ்சாறு செகண்ட்ல லைட் நின்னு எரிஞ்சுச்சு. அட்மின் பாஸ்வேர்ட் கேக்கல. சவுண்டு செட்டிங்ஸ்ல புது ஸ்பீக்கர்னு ஒண்ணு வந்துச்சு, அதைத் தேர்ந்தெடுத்தேன், அவ்ளோதான். சாயங்காலம் அதையே பிடுங்கி உபுண்டுல சொருகினேன், பேரிங் எதுவும் கேக்காம பாட்டு வந்துச்சு. சாவி கூடவே வருதே! போன மாசம் ஆபீஸ்ல லேப்டாப்பை மாத்திக் குடுத்தாங்க, புது லேப்டாப்ல வைஃபை பாஸ்வேர்ட் போடுறதுக்கு முன்னாடியே பட்ஸ்ல பாட்டு ஓடிட்டிருந்துச்சு. ஒண்ணு மட்டும், சில ஆபீஸ்ல யூஎஸ்பியையே மொத்தமா பூட்டி வச்சிருப்பாங்க. எங்க ஆபீஸ்ல பென் டிரைவ் மட்டும்தான் தடை, உங்க இடத்துல ஹெட்செட் ஓடுதான்னு கேட்டுட்டு வாங்குங்க.

குறையும் சொல்லணும்ல. விலை, எனக்கு சாதா டாங்கிளைப் போல நாலு மடங்கு ஆச்சு. மவுஸ், கீபோர்டு இதுல ஓடாது. ஸ்க்ரீன்னு ஒண்ணு கிடையாது, ஒத்தை லைட்டோட மினுக்கலை வச்சே எல்லாத்தையும் புரிஞ்சுக்கணும். பட்ஸ் ஃபர்ம்வேர் (பட்ஸுக்குள்ள இருக்கிற சாப்ட்வேர்) அப்டேட்டுக்கு பெரும்பாலும் போன் ஆப்புக்குத்தான் போகணும். முக்கியமா மைக். டிவிக்குன்னு விக்கிற டிரான்ஸ்மிட்டர் நிறையதுல மைக் வேலையே செய்யாது, பாட்டு மட்டும்தான், பேச்சுக்கும் வேணும்னா டப்பாவுல தெளிவா போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

நான் மைக்குக்கு லேப்டாப்பையேதான் வச்சுக்கிறேன். பழைய ப்ளூடூத் முறையில பட்ஸ் மைக்கை ஆன் பண்ணின உடனே கனெக்ஷன் போன் பேசுற மோடுக்கு இறங்கிடும், ஸ்டீரியோ போய் மோனோ ஆகி, எதிராளு குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். பட்ஸ் ரிப்பேர்னு நினைச்சு மாத்துனவங்களை எனக்குத் தெரியும். மீட்டிங் ஆப் செட்டிங்ஸ்ல மைக்குக்கு லேப்டாப், ஸ்பீக்கருக்கு பட்ஸ்னு பிரிச்சு விட்டா குரல் தெளிவா வரும், இது எந்த ஆப்ஷன் வாங்கினாலும் பொருந்தும். எல்ஈ ஆடியோன்னு புதுசா வந்திருக்கிறதுல இந்தத் தொல்லை குறையுதுங்கிறாங்க, பட்ஸும் லேப்டாப்பும் ரெண்டுமே அதை சப்போர்ட் பண்ணனும், என்கிட்ட ரெண்டும் இல்ல.

வயர் இயர்போனைப் பத்தி தனியா என்ன சொல்றது, 300 ரூபா, சொருகினா பாடும். இன்டர்வியூ நாள்னா நான் அதைத்தான் மாட்டுவேன்.

டிரான்ஸ்மிட்டர் வாங்கினா ஒண்ணு மறக்காதீங்க. லேப்டாப் ப்ளூடூத் லிஸ்ட்ல அந்த பட்ஸோட பழைய பேரிங் இருந்தா டெலீட் பண்ணிடுங்க, இல்லன்னா உள்ள இருக்கிற ப்ளூடூத்தும் டிரான்ஸ்மிட்டரும் ஒரே பட்ஸுக்கு அடிச்சுக்கும். போன் முந்திக்கிற வியாதிக்கு டிரான்ஸ்மிட்டர் மருந்து இல்ல, அது பட்ஸோட குணம். நான் போன்ல இருந்து அந்த பட்ஸை மொத்தமா எடுத்துட்டேன், போனுக்கு பழைய நெக்பேண்ட் ஒண்ணு போதும். அந்த நெக்பேண்டும் இப்போ அம்மா கழுத்துலதான் கெடக்கு, வத்தக்குழம்பு வீடியோவை அதுலதான் கேக்குறாங்க, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறாங்க.