வங்கி பிடித்த கட்டணத்தை ஸ்மால் கிளைம்ஸில் திரும்பக் கேட்கலாமா? இங்கிலாந்தின் ஆன்லைன் வழக்குச் சேவை பற்றி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்ட் வரையிலான பணத் தகராறுக்கு ‘ஸ்மால் கிளைம்ஸ்’ என்ற சிறு வழக்கு முறையில், வக்கீல் வைக்காமலேயே வழக்குப் போடலாம். அரசின் கவ்.யுகே தளத்தில் இருக்கும் ஆன்லைன் வழக்குச் சேவை அதற்கானது. படிவம் எளிமையாக இருக்கிறது, நிரப்பும்போது பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரலாம், கட்டணத்தை கார்டிலேயே கட்டிவிடலாம். சேவையாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் வங்கிக் கட்டணத்தை மீட்பதற்கு என்று வரும்போது, படிவம் எவ்வளவு எளிது என்பது முக்கியமில்லை. எந்தக் காரணத்தைச் சொல்லிப் பணத்தைக் கேட்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். 2006, 2007 காலத்து மாதிரிக் கடிதங்கள் இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அப்படியே நகலெடுத்து வழக்குப் போடுகிறவர்கள் வங்கி பிடித்த பணத்தோடு கோர்ட்டுக்குக் கட்டிய பணத்தையும் இழக்கிறார்கள்.

அந்தக் கடிதங்கள் ஒரு காலத்தில் நன்றாகவே வேலை செய்தன. 2006 ஏப்ரலில், நுகர்வோர் நலனைக் கவனித்த அன்றைய அரசு அமைப்பான ஆஃபிஸ் ஆஃப் ஃபேர் டிரேடிங், கிரெடிட் கார்டு தாமதக் கட்டணம் 12 பவுண்டைத் தாண்டினால் அது நியாயமற்றது என்றே கருதுவோம் என்று அறிவித்தது. ஒரு டைரக்ட் டெபிட் (கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொகை) பணம் போதாமல் திரும்பிப் போனால் நடப்புக் கணக்கில் 30 பவுண்டுக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. மக்கள் அதே வாதத்தை அந்தக் கட்டணத்துக்கும் எடுத்துக்கொண்டு கவுண்டி கோர்ட்டுகளுக்குப் போனார்கள். பெரும்பாலான வழக்குகளில் விசாரணைத் தேதி வருவதற்கு முன்பே வங்கிகள் பணத்தைக் கொடுத்துவிட்டன. 2007 ஜூலையில் ஏழு வங்கிகளையும் நேஷன்வைட் பில்டிங் சொசைட்டியையும் எதிர்த்து அந்த அமைப்பின் சோதனை வழக்கு தொடங்கியது. 2009 நவம்பர் 25 அன்று சுப்ரீம் கோர்ட் வங்கிகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அனுமதி இல்லாத ஓவர்டிராஃப்டுக்கான கட்டணம், அதாவது வங்கியின் முன் ஒப்புதல் இல்லாமல் கணக்கில் இருப்பதைவிட அதிகம் எடுப்பதற்கான கட்டணம், கணக்குச் சேவை முழுவதற்கும் வாடிக்கையாளர் தரும் விலையின் ஒரு பகுதி. விலை அதிகமா குறைவா என்பதை 1999 நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்கீழ் ஆராய முடியாது என்பதே அதன் சாரம். எனவே ‘இந்தக் கட்டணம் வங்கிக்கு ஆகும் செலவைவிட மிக அதிகம்’ என்ற ஒற்றை வரியை மட்டும் நம்பிப் போடும் வழக்கு அந்தத் தீர்ப்பில் முட்டி நின்றுவிடும். அது அபராதம், அபராதம் செல்லாது என்ற பழைய வாதமும் 2015இல் வந்த, கார் நிறுத்தக் கட்டணம் பற்றிய பார்க்கிங்ஐ வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு மெலிந்துவிட்டது.

இன்னொரு மாற்றமும் உண்டு. 2020 ஏப்ரல் 6 முதல் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபைனான்ஷியல் கண்டக்ட் அத்தாரிட்டி, அதாவது எஃப்சிஏ, தனிநபர் கணக்குகளில் ஓவர்டிராஃப்டுக்கான நிலையான கட்டணத்தையே தடை செய்துவிட்டது. வட்டி மட்டும்தான் வாங்கலாம். அனுமதி இல்லாத ஓவர்டிராஃப்டின் வட்டி அனுமதி பெற்றதைவிட அதிகமாக இருக்கக் கூடாது. ஒப்பந்த அடிப்படையிலான வழக்குக்குக் கால எல்லை ஆறு ஆண்டு. அந்தத் தேதிக்கு முந்தைய கடைசிக் கட்டணத்துக்கும் 2026 ஏப்ரலோடு அந்த எல்லை முடிகிறது. பழைய பெரிய கட்டணங்களைப் பற்றிய கதை கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்தது.

அப்படியென்றால் இன்று எதற்கு இந்தச் சேவை? சில வகை வழக்குகளுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. முதலாவது, வங்கி தன் சொந்தக் கட்டணப் பட்டியலையே மீறிய வழக்கு. மாதத்துக்கு உச்சவரம்பு இருந்தும் அதைத் தாண்டிப் பிடித்தது, பணம் கணக்கில் இருந்த நேரத்திலேயே டைரக்ட் டெபிட்டைத் திருப்பி அனுப்பியது, ஒரே டைரக்ட் டெபிட்டுக்கு இரண்டு முறை பிடித்தது போன்றவை. இது சாதாரண ஒப்பந்த மீறல். 2009 தீர்ப்பு இதற்குக் குறுக்கே வராது. எங்கள் கணிப்பில் வெல்ல மிக எளிதான வகை இதுதான். இரண்டாவது, 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு. விலை பற்றிய விதிக்கு ‘நியாயமா’ என்ற ஆய்விலிருந்து விலக்கு கிடைக்க வேண்டுமானால் அது தெளிவாக இருந்தால் மட்டும் போதாது, சராசரி வாடிக்கையாளரின் கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும் என்கிறது அது. நாற்பது பக்க ஒப்பந்தத்தின் நடுவில் புதைந்த கட்டணத்துக்கு இந்த வாதம் பொருந்தும்.

மூன்றாவதுதான் நிறைய பேர் கவனிக்காமல் விடுவது. மாதா மாதம் ஓவர்டிராஃப்டிலேயே மூழ்கிக் கிடக்கும் கணக்கு. ஓவர்டிராஃப்டும் கடன்தான், அதனால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 140ஏ பிரிவின்கீழ் ‘நியாயமற்ற உறவு’ என்று வாதாடலாம். இதன் நல்ல அம்சம், கால எல்லை அந்தக் கடன் உறவு முடிந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். 2023இல் ஸ்மித் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கிவிட்டது. கூடவே, திரும்பத் திரும்ப ஓவர்டிராஃப்டில் விழுகிறவர்களை வங்கி கண்டறிந்து உதவ வேண்டும் என்ற எஃப்சிஏ விதி 2019 டிசம்பர் 18 முதல் இருக்கிறது. அந்த விதியை மீறியதால் நஷ்டப்பட்ட தனிநபர், 2000ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டத்தின் 138டி பிரிவின்கீழ் வழக்குப் போடலாம். ஆனால் வாடிக்கையாளருக்கு நல்ல பலன் கிடைக்கும்படி நடக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் வந்த எஃப்சிஏவின் ‘கன்ஸ்யூமர் டியூட்டி’யை மட்டும் ஆதாரமாக வைத்துக் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். அதை மீறியதற்காகத் தனிநபர் வழக்குப் போடும் உரிமை கொடுக்கப்படவில்லை. அந்த வாதத்துக்கு இடம், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மன்.

ஆம்புட்ஸ்மனைச் சொல்லாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன் சர்வீஸ் இலவசம். வங்கிக்குப் புகார் கொடுத்து எட்டு வாரம் ஆன பிறகோ, அதற்குள் இறுதிப் பதில் வந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளோ போகலாம். சட்டத்தை மட்டும் பார்க்காமல் ‘நியாயமும் பொருத்தமும்’ எது என்று பார்ப்பதால், கஷ்டத்தில் இருந்தபோது கட்டணம் மேல் கட்டணமாகப் பிடித்தார்கள் என்ற புகார் அங்கேதான் எடுபடும். அங்கே தோற்றாலும் முடிவை ஏற்காமல் கோர்ட்டுக்கு வரலாம். ஏற்றுக்கொண்டால் அதே விஷயத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. ஒன்றை மறந்துவிடக் கூடாது: ஆம்புட்ஸ்மனிடம் புகார் நிலுவையில் இருப்பதால் கோர்ட்டின் ஆறு ஆண்டுக் கடிகாரம் நிற்காது. எல்லை நெருங்கினால் முதலில் வழக்கைப் பதிவு செய்துவிடுங்கள்.

வழக்குத்தான் என்று முடிவானால், முதல் வேலை கணக்கு. ஸ்டேட்மென்ட் கையில் இல்லையென்றால் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வங்கியிடம் உங்கள் விவரங்களைக் கேளுங்கள்; காசு கிடையாது, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். பிறகு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்: தேதி, ஸ்டேட்மென்ட்டில் அந்தக் கட்டணத்துக்குப் போட்டிருக்கும் பெயர், தொகை, எந்த விதியை மீறியது, வட்டி. வட்டி 1984 கவுண்டி கோர்ட்ஸ் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு 8 சதவீதம், கூட்டு வட்டி இல்லை. ஒவ்வொரு கட்டணத்துக்கும் அது பிடிக்கப்பட்ட நாளிலிருந்து தனித்தனியாகப் போட வேண்டும். படிவத்தில் தினசரி வட்டியையும் எழுதுங்கள். 480 பவுண்டுக்கு அது நாளைக்கு 10.5 பென்ஸ் வரும்.

இங்கே ஒரு செலவுக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். கோர்ட் கட்டணம், வட்டியையும் சேர்த்த மொத்தத் தொகைக்குத்தான். 300 பவுண்ட் வரை 35, 500 வரை 50, 1,000 வரை 70, 1,500 வரை 80, 3,000 வரை 115, 5,000 வரை 205, 10,000 வரை 455 பவுண்ட். 480 பவுண்டுக்குச் சராசரியாக மூன்று ஆண்டு வட்டி சேர்த்தால் 595.20 ஆகிறது, 50 கட்ட வேண்டிய இடத்தில் 70 கட்ட வேண்டும். விசாரணை வரை போனால் தனியாக விசாரணைக் கட்டணம் உண்டு: இந்தத் தொகைக்கு 85. வென்றால் இரண்டும் திரும்பி வரும், தோற்றால் 155 பவுண்ட் போச்சு. வருமானம் குறைவாக இருப்பவர்கள், குறிப்பிட்ட அரசு உதவித்தொகை வாங்குபவர்கள் இஎக்ஸ்160 விண்ணப்பத்தின் மூலம் தள்ளுபடி கேட்கலாம். அதை வழக்குப் போடுவதற்கு முன்பே முடித்து, கிடைக்கும் எண்ணைப் படிவத்தில் போட வேண்டும்.

வழக்குக்கு முன் வங்கிக்கு ஒரு கடிதம் கட்டாயம் போக வேண்டும். எவ்வளவு, எதற்கு, எந்த விதி, 14 நாளில் தராவிட்டால் வழக்கு, இவ்வளவே போதும். ஸ்ப்ரெட்ஷீட்டை இணையுங்கள், தபாலில் அனுப்பியதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தைக் கொட்டும் கடிதம் பின்னால் நீதிபதியின் முன் வாசிக்கப்படும் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

படிவத்தில் அதிகம் பேர் சறுக்குவது எதிர்த்தரப்பின் பெயரில். 2018இல் பெரிய வங்கிகள் தங்கள் சில்லறை வணிகத்தைத் தனி நிறுவனமாகப் பிரித்தன. தனிநபர் கணக்கு என்றால் பார்க்ளேஸ் பேங்க் யுகே பிஎல்சி. பார்க்ளேஸ் பேங்க் பிஎல்சி வேறு நிறுவனம். எச்எஸ்பிசி யுகே பேங்க் பிஎல்சியும் எச்எஸ்பிசி பேங்க் பிஎல்சியும் அப்படித்தான். ஸ்டேட்மென்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் நிறுவனங்களைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் சரிபார்த்துப் போடுங்கள். கிளை முகவரியைப் போடவே வேண்டாம்.

புதிய சேவையில் என்ன நடந்தது என்பதைத் தேதிவாரியாக எழுத இடம் தாராளமாக இருக்கிறது. பழைய ‘மனி கிளைம் ஆன்லைன்’ படிவத்தில் 1,080 எழுத்துதான், இடைவெளியும் அதில் சேர்த்தி. அதில் போடுபவர்கள் சுருக்கத்தை எழுதிவிட்டு, விரிவான விவரம் பின்னால் வரும் என்று குறிப்பிட்டு, வழக்கு வங்கிக்குச் சேர்ந்த 14 நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். நல்ல விவரம் இப்படிப் போகும்: கணக்கு எப்போது தொடங்கியது, எந்தத் தேதியிட்ட கட்டணப் பட்டியல் பொருந்தும், அதன் எந்த எண்ணுள்ள விதி என்ன சொல்கிறது, எந்தெந்தத் தேதிகளில் வங்கி அதற்கு மாறாக எவ்வளவு பிடித்தது, ஆகவே எவ்வளவு வர வேண்டும். ‘நியாயமற்றது’ என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று எழுதுங்கள்.

வழக்கு பதிவாகி ஐந்தாம் நாள் வங்கிக்குக் கிடைத்ததாகக் கணக்கு. அதிலிருந்து 14 நாள். பெற்றுக்கொண்டோம் என்று வங்கி பதிவு செய்துவிட்டால் 28 நாள். பெரிய வங்கிகள் வழக்கமாக அந்த 28 நாளையும் எடுத்துக்கொள்ளும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டியும் பதில் இல்லையென்றால் தீர்ப்பு தானாக வராது, நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்காமல் ஆறு மாதம் விட்டால் வழக்கு முடங்கிப்போகும். தவறான முகவரியில் பெற்ற தீர்ப்பை வங்கி என்244 விண்ணப்பம் போட்டு ரத்து செய்துவிடலாம். எதிர்வாதம் வந்தால் அதில் 2009 தீர்ப்பைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்களுடையது ஒப்பந்த மீறல் வழக்கு என்றால் அந்த வேறுபாட்டை ஒரு பக்கத்தில் எழுதித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

2024 மே 22 முதல் போடும் வழக்குகளில் சமரசம் கட்டாயம். இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்போம். தொலைபேசியில் ஒரு மணி நேரம், இலவசம். சமரசர் உங்களோடும் வங்கியோடும் மாறி மாறிப் பேசுவார். இரண்டு தரப்பும் நேரடியாகப் பேச வேண்டியதில்லை. சிறிய தொகைக்கு வக்கீலை அனுப்புவது வங்கிக்குக் கட்டுபடியாகாது. சிறு வழக்குகளில் வென்றாலும் வக்கீல் செலவை உங்களிடம் வாங்க முடியாது, நீங்கள் முறைகேடாக நடந்துகொண்டால் தவிர. எனவே அந்த ஒரு மணி நேரத்தில்தான் பேரம் படியும். உங்கள் குறைந்தபட்சத் தொகையை முன்பே முடிவு செய்து, கோர்ட் கட்டணத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அழைப்பை எடுக்காமல் விட்டால் கோர்ட் நடவடிக்கை எடுக்கலாம்.

சமரசம் ஆகாவிட்டால் எதிர்த்தரப்பு நிறுவனம் என்பதால் உங்கள் ஊர்ப்பக்கத்துக் கோர்ட்டையே கேட்கலாம். விசாரணைக் கட்டணத்துக்குக் கொடுத்த கெடுவைத் தவறவிட்டால் வழக்கு தள்ளுபடியாகிவிடும். வென்றால் சம்பள இழப்புக்கு நாளுக்கு 95 பவுண்ட் வரையும் பயணச் செலவும் கேட்கலாம்.

ஸ்காட்லாந்தில் இந்தச் சேவை கிடையாது. அங்கே 5,000 பவுண்ட் வரை ‘சிம்பிள் புரொசீஜர்’ என்ற தனி வழக்கு முறை, கால எல்லை ஐந்து ஆண்டு. பணம் மீட்டுத் தருகிறோம் என்று வரும் நிறுவனங்கள் 1,499 பவுண்ட் வரையிலான தொகையில் 30 சதவீதம் வரை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. மேலே சொன்ன ஸ்ப்ரெட்ஷீட்டைப் போடத் தெரிந்தவருக்கு அவர்கள் தேவையில்லை.

சமரசமோ தீர்ப்போ, பணம் எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால் வங்கி அதே ஓவர்டிராஃப்ட் கணக்கில் வரவு வைத்துக் கடனில் கழித்துவிட வாய்ப்பு உண்டு. சம்பளமும் வாடகையும் அந்தக் கணக்கிலேயே ஓடினால், வழக்குப் போடுவதற்கு முன்பே வேறு வங்கியில் ஓவர்டிராஃப்ட் இல்லாத ஒரு பேசிக் அக்கவுண்ட் திறந்து அவற்றை மாற்றிவிடுங்கள். அந்த வகைக் கணக்கில் டைரக்ட் டெபிட் திரும்பினாலும் கட்டணம் கிடையாது.