பகலில் கண் தெளிவு, ராத்திரி கூசுகிறது: எந்தக் கருவி பதில் சொல்லும்?

பத்தமடை, சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகும் ரோட்டில் ராத்திரி பைக் ஓட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார்: எதிரே லாரி வெளிச்சம் அடித்தால் ரோடே மறைந்துபோகிறது. எங்க சித்தப்பாவுக்கும் அதேதான். "ஏல, கடைசிக்கு முந்துன வரி வரைக்கும் வாசிச்சுட்டேன், பிறகு என்னல கோளாறு?" என்கிறார்.

அவர் வாசித்தது 1862இல் ஸ்னெல்லன் வகுத்த எழுத்துப் பலகை. நல்ல பார்வைக்கு அளவான 6/6 வரியின் எழுத்து 9 மி.மீ. உயரம்கூட இருக்காது. வெள்ளையில் கறுப்பு, எதிர்வெளிச்சம் கிடையாது. லென்ஸ் மங்கத் தொடங்கிய, ஆரம்பப் புரை இருக்கிற கண்ணும் தேறிவிடும். அதற்காகப் பலகையை மட்டமாகப் பேசமாட்டேன். லென்ஸ், விழித்திரை, நரம்பு எல்லாம் சேர்ந்து வாங்கும் மார்க் அது. சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால், இனி சொல்லப்போகிற இரண்டு கருவிகளும் அதைக் காட்டாது. கண்ணாடிக் கடையின் 'கம்ப்யூட்டர் பரிசோதனை' பவர் பார்க்க மட்டும். இந்தப் பேச்சில் அதற்கு வேலையில்லை.

முதல் கருவி, ஹார்ட்மன்-ஷாக் அலைமுகப்பு மானி. 1971இல் ரோலண்ட் ஷாக் குட்டி லென்ஸ்களை வரிசையாக அடுக்கிச் செய்த உணரிதான் இதன் மூலம். வானத்துச் செயற்கைக்கோளைத் தெளிவாகப் படம்பிடிக்கப் பிறந்தது. 1994இல் ஜெர்மனியில் லியாங்கும் கூட்டாளிகளும் மனிதக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளி, குட்டி லென்ஸ்கள் வழியே புள்ளிக்கோலம் போட்டது போல விழும். எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து கோளப் பிறழ்ச்சி, கோமா மாதிரி பிறழ்ச்சிகள், அதாவது ஒளி ஒரே புள்ளியில் குவியாத குறைகள், எல்லாம் கணக்காகி வரும். கண்ணாடியை விடச் செய்யும் லேசர் சிகிச்சையான லேசிக்குக்கும், கருவிழி கூம்பிப்போகும் கெரட்டோகோனஸுக்கும் இதுதான் கில்லாடி.

ஆனால் இது பார்ப்பது புள்ளியின் மையத்தை மட்டும். கண்ணுக்குள் ஒளி சிதறுவதால் புள்ளியைச் சுற்றிப் படரும் மங்கல் கணக்கில் வராமலே போய்விடும். சித்தப்பாவின் சிக்கல் அந்த மங்கலில்தான் இருக்கிறது.

இரட்டைப் பாதை முறை அதைப் பிடித்துவிடும். 1955இல் பிரான்சின் ஃப்ளமான் தொடங்கிவைத்தது. கண்ணுக்குள் ஒரு புள்ளி ஒளியை அனுப்பி, விழித்திரையில் பட்டுத் திரும்பி வருவதை அப்படியே படம் எடுக்கிறார்கள். பிறழ்ச்சியும் சிதறலும் ஒன்றாகவே பதிவாகும். இன்றைய கருவிகள் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கின்றன. மையத்தில் விழுந்த ஒளிக்கும், 12 முதல் 20 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க் நிமிடம்) வரையான வளையத்தில் விழுந்த ஒளிக்கும் விகிதம் பார்த்து ஓர் எண் தரும். அதுவே சிதறல் குறியீடு. நல்ல இளங்கண்ணில் 1க்குக் கீழே நிற்கும், புரை முற்ற முற்ற ஏறும். கண் சிமிட்டாமல் வைத்துத் தொடர்ந்து படம் எடுத்தால், கண்ணீர்ப் படலம் காய்ந்து பிம்பம் கெடுவதும் தெரியும். குறை என்னவென்றால், மங்கல் எதனால் வந்தது, கருவிழியாலா லென்ஸாலா என்று அது பிரித்துச் சொல்லாது. சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் இருக்கும் பவர்) அதிகமிருந்தால் முன்னால் தனியாக லென்ஸ் வைத்தாக வேண்டும்.

என் கட்சி: புரையை இப்போது எடுக்கவா, பொறுக்கவா என்று தயங்குகிறவருக்கு இரட்டைப் பாதை. கண்ணாடி வேண்டாம் என்று லேசிக்குக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு அலைமுகப்பு. சித்தப்பாவுக்கு இரட்டைப் பாதைச் சோதனைகூடக் கட்டாயமில்லை; இருட்டில் கண்பாப்பாவை விரித்து சிலிட் லாம்ப் என்ற ஒளிக்கீற்று நுண்ணோக்கியில் டாக்டர் பார்த்தாலே புரை தெரிந்துவிடும், சிதறல் எண் வேண்டுமானால் கூடுதல் சாட்சி.

எந்த ரிப்போர்ட்டை வாங்கினாலும் கண்பாப்பா அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 4 மி.மீ.யில் எடுத்த பிறழ்ச்சி எண்ணையும் 6 மி.மீ.யில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து, கண் கெட்டுவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கண்பாப்பா விரிந்தாலே அந்த எண் ஏறிவிடும்.