அலர்ஜி தும்மலுக்கு ஹோமியோபதி: நீண்ட நாள் சாப்பிட்டவரின் அனுபவம்

தும்மல், மூக்கடைப்புக்கு ஹோமியோபதி பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஏழெட்டு வருஷம் சாப்பிட்டேன், அந்தக் காலத்திலேயே இது பற்றி வந்த ஆராய்ச்சிகளையும் தேடித் தேடிப் படித்தேன். எனக்கு நிஜமாகவே குறைந்தது. ஆனால் அது அந்த வெள்ளை உருண்டைகளால் குறைந்தது என்று இன்று என்னால் சொல்ல முடியாது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

என் பிரச்சினை பலருக்கும் இருப்பதுதான். காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் தண்ணீராக ஊற்றும், அண்ணத்தில் அரிப்பு, மார்கழி தை வந்துவிட்டால் ராத்திரியில் வாயால்தான் மூச்சு. பரணிலிருந்து ஒரு பழைய போர்வையை இறக்கினால் அன்றைய நாள் போச்சு. இ.என்.டி. டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டுத் தூசியில் இருக்கும் டஸ்ட் மைட் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வரும் அலர்ஜி என்றார். செட்ரிசின் மாத்திரையும் மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் எழுதிக் கொடுத்தார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாத்திரை போட்டால் மதியம் வரை தூக்கக் கலக்கம். ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் எல்லோருக்கும் பயம். "இங்கிலீஷ் மருந்து அமுக்கித்தான் வைக்கும்மா, ஹோமியோபதிதான் வேரோட எடுக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் மகனுக்கு மரு உதிர்ந்தது துஜா என்ற ஹோமியோபதி மருந்தில்தான் என்று ஆதாரமும் காட்டினார். சரி, போய்ப் பார்ப்போம் என்று போனேன்.

முதல் நாள் அந்த டாக்டர் என்னோடு ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாகப் பேசினார். தும்மலைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. தாகம் அதிகமா, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பீர்களா மடமடவென்றா, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், உப்பு பிடிக்குமா இனிப்பு பிடிக்குமா, அழுகை வந்தால் யார் முன்னாலும் அழுவீர்களா தனியாகவா, கனவில் என்ன வரும். "அவசரமே இல்லம்மா, யோசிச்சு சொல்லுங்க" என்று பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாமனார் படுக்கையில் இருந்த வருஷம் அது. அதை யாரிடமும் சொல்லாமலே ஓடிக்கொண்டிருந்த நான், மூக்குக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் அதையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் நேட்ரம் மூர் 200 என்ற மருந்தைக் கொடுத்தார். சின்ன பாட்டில், மூடியில் நான்கு உருண்டை தட்டி, கை படாமல் நாக்கில் போட வேண்டும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் பின்னால் எதுவும் கூடாது, காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, கற்பூரம் பக்கத்தில் வைக்கக் கூடாது. செலவு என்று பார்த்தால் ஸ்ப்ரேயை விடக் குறைவு.

சில மாதங்களில் குறைந்தது. மறுபடி வந்தது. அல்லியம் சீபா, பிறகு ஆர்சனிகம் ஆல்பம், பிறகு சல்பர் என்று மாறிக்கொண்டே இருந்தது, ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நாள் நல்ல காலம் இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. அதிகமானால், முதலில் அப்படித்தான் கிளறிவிடும், அதுவும் நல்ல அறிகுறி. ஒன்றுமே ஆகவில்லை என்றால், மெதுவாகத்தான் கேட்கும், பொறுமை வேண்டும். மூன்றில் எது நடந்தாலும் மருந்து ஜெயித்துவிடுகிறது. அப்படியென்றால் மருந்து தோற்றுவிட்டது என்று எப்போதுதான் எனக்குத் தெரியும்? டாக்டரிடமே கேட்டேன், கோபப்படவில்லை, ஆனால் பதிலும் வரவில்லை.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். ஹோமியோபதியை நம்மூர் நாட்டு மருந்து, மூலிகை என்று நினைப்பவர்கள் ஏராளம், பக்கத்து வீட்டு அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தார். இது ஜெர்மனியில் பிறந்தது. சாமுவேல் ஹானிமன் 1796-ல் இதன் அடிப்படையை எழுதினார், 1810-ல் அதை விரிவாகச் சொல்லும் அவருடைய ஆர்கனான் நூல் வந்தது. எந்தப் பொருள் ஒரு அறிகுறியை உண்டாக்குகிறதோ அதுவே நுண்ணிய அளவில் அந்த அறிகுறியைப் போக்கும் என்பது கொள்கை. வெங்காயம் நறுக்கினால் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வரும் அல்லவா, அதனால் சளிக்கு அல்லியம் சீபா, அதாவது வெங்காயம். நேட்ரம் மூர் என்பது அடுப்படியில் இருக்கிற உப்பு. அந்த உப்பை நூறில் ஒரு பங்காகக் கரைத்து, குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி நூறில் கரைத்து, இப்படி முப்பது தடவை செய்தால் 30 பொட்டன்சி. 1-க்குப் பின்னால் 60 சைபர் போட்ட அளவுக்கு நீர்த்துப்போயிருக்கும். பன்னிரண்டாவது தடவையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு கூட மிஞ்ச வாய்ப்பு இல்லை என்று வேதியியல் சொல்கிறது. எனக்குக் கொடுத்தது 200.

ஆனால் கணக்கை மட்டும் வைத்து ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே வேலை செய்யும் மருந்துகள் இருந்திருக்கின்றன. அதனால் என் நோய்க்கே நடந்த சோதனைகளைத் தேடினேன். 2000-ல் கிளாஸ்கோவின் டேவிட் ரெய்லி குழு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒன்று வெளியிட்டது. வருஷம் முழுக்க மூக்கு அலர்ஜி உள்ள 51 பேரில் ஒரு பாதிக்கு மருந்து, இன்னொரு பாதிக்கு மருந்தே சேர்க்காத வெறும் உருண்டை, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. மூக்கு வழியே போகும் காற்றின் அளவு மருந்து சாப்பிட்டவர்களுக்கு நன்றாகவே கூடியிருந்தது. படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் "எனக்கு எவ்வளவு குறைந்திருக்கிறது" என்று நோயாளிகளே போட்ட மதிப்பெண்ணில், இரண்டு பக்கத்துக்கும் நிச்சயமாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. 2002-ல் அதே இதழில் ஜார்ஜ் லெவித் குழு, டஸ்ட் மைட் அலர்ஜியோடு ஆஸ்துமாவும் உள்ள 242 பேரிடம் சோதித்தது. வெறும் உருண்டையை விட மருந்து மேலாக ஒன்றும் செய்யவில்லை. லெவித் மாற்று மருத்துவத்தின் எதிரி கிடையாது, அதற்காகவே உழைத்தவர், அதனால்தான் அந்த முடிவை நான் ரொம்ப மதிக்கிறேன்.

மொத்தமாகப் பார்த்தவையும் உண்டு. 2005-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 110 ஹோமியோபதி சோதனைகளை 110 வழக்கமான மருந்துச் சோதனைகளோடு ஒப்பிட்டார்கள். அளவில் பெரிதாகவும் தரமாகவும் நடந்தவற்றை மட்டும் எடுத்தபோது ஹோமியோபதியின் பலன் வெறும் உருண்டையின் அளவுக்கு இறங்கிவிட்டது. 2015-ல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், எந்த ஒரு நோய்க்கும் இது பலன் தரும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்றது. பிரான்ஸ் 2021-லிருந்து இதற்கான காப்பீட்டுப் பணத்தையே நிறுத்திவிட்டது. 2022-ல் வந்த ஒரு ஆய்வு, 2002-க்குப் பிறகு பதிவு செய்யப்பட்ட ஹோமியோபதி சோதனைகளில் ஏறத்தாழ 38 சதவீதம் வெளியிடப்படவே இல்லை என்று காட்டியது. தோற்றதை உள்ளே வைத்துக்கொண்டு ஜெயித்ததை மட்டும் வெளியே காட்டினால் யாருக்குமே நல்ல பெயர்தான் கிடைக்கும்.

எனக்கு எல்லாவற்றையும் விளங்கவைத்தது 2011-ல் ருமட்டாலஜி என்ற மூட்டுநோய் மருத்துவ இதழில் வந்த, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்த ஆய்வுதான், அதிலும் லெவித் இருக்கிறார். முடக்குவாதம் உள்ள 83 பேர், தங்கள் வழக்கமான மருந்தை விடாமலே இதில் சேர்ந்தவர்கள். சிலருக்கு ஹோமியோபதி டாக்டரின் நீண்ட ஆலோசனை உண்டு, சிலருக்குக் கிடையாது. இரண்டு பக்கத்திலும் சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உருண்டை. ஆலோசனை கிடைத்தவர்களுக்கு வலியும் வீக்கமும் நன்றாகக் குறைந்தன. உருண்டையில் மருந்து இருந்ததா இல்லையா என்பது எந்த வித்தியாசத்தையும் செய்யவில்லை.

"அவசரமே இல்லம்மா" என்று காத்திருந்த அந்த மனிதர்தான் என் மருந்து என்று அதைப் படித்த அன்று புரிந்தது. அதோடு, அலர்ஜி தானாகவே ஏறி இறங்கும் நோய். மிக மோசமாக இருக்கும்போதுதான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம், அதற்குப் பிறகு அது இறங்கத்தான் செய்யும். பக்கத்து வீட்டு அக்கா மகனுடைய மருவும் அப்படித்தான், குழந்தைகளுக்கு வரும் மருவில் பெரும்பாலானவை ஓரிரு வருஷத்தில் தானாகவே போய்விடும்.

ஜனங்கள் நம்புவதை நான் குறை சொல்ல மாட்டேன். 1973-லேயே மத்திய அரசு இதற்குத் தனிச் சட்டம் போட்டது, திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி கல்லூரியே இருக்கிறது, 2020 ஜனவரியில் கொரோனா தடுப்புக்கு ஆர்சனிகம் ஆல்பம் 30 சாப்பிடலாம் என்று ஆயுஷ் அமைச்சகமே சொன்னது. இதற்கு மேல் ஒரு சாதாரண மனுஷி எதைப் பார்த்துச் சந்தேகப்படுவாள்? இந்தியாவில் ஆரம்ப சிகிச்சை டாக்டர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் ஏறத்தாழ 2 நிமிடம் என்று 2017-ல் ஒரு சர்வதேச ஆய்வு சொன்னது, ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். பேசக் காது கிடைக்கிற இடத்துக்குத்தானே போவார்கள். எனக்குக் கோபம் இருப்பது அந்த 2 நிமிடத்தின் மேல்தான்.

பக்க விளைவே இல்லை என்பதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 30, 200-ல் ஒன்றும் இருக்காது, சரி. நீர்க்காத மூலச் சாறான மதர் டிங்சரிலும் குறைந்த பொட்டன்சியிலும் நிஜமான பொருள் இருக்கும். 2017-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது கொடுக்கும் ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சத்து தாறுமாறான அளவில் இருந்ததைக் கண்டுபிடித்தது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இடையில் நான் போன இன்னொரு ஹோமியோபதி டாக்டர், என் அக்கா மகளின் ஆஸ்துமா இன்ஹேலரை உடனே நிறுத்தச் சொன்னார். நாங்கள் நிறுத்தவில்லை, அங்கே திரும்பிப் போகவும் இல்லை. காசநோய், மலேரியா, எச்.ஐ.வி., குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு ஹோமியோபதியை நம்ப வேண்டாம் என்று 2009-லேயே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ஆஸ்துமாவையும் நானே சேர்த்துக்கொள்கிறேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், உருண்டை இல்லை. வேறு ஒரு இ.என்.டி. டாக்டரிடம் போய் ஸ்டீராய்டு பயத்தை நேராகவே கேட்டேன். மூக்கில் அடிப்பது மைக்ரோகிராம் கணக்கு, உடம்புக்குள் போவது மிகக் குறைவு என்று விளக்கினார். அங்கிருந்த நர்ஸ்தான் ஸ்ப்ரே அடிக்கவே சொல்லிக்கொடுத்தார்: தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனை நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அடித்ததும் உறிஞ்சி இழுக்கக் கூடாது. இதை முதல் டாக்டரின் இடத்தில் யாரும் காட்டவே இல்லை. தலையணை உறையும் போர்வையும் வாரம் ஒரு முறை நல்ல வெந்நீரில். தும்மல் அடியோடு போய்விடவில்லை, ஆனால் போன மார்கழியில் மூக்கால் மூச்சு விட்டுத் தூங்கினேன்.