கொன்டாக்ட் லென்ஸுக்குப் பெரொக்சைட் சொலூஷன் வாங்கப் போறீங்களா? முதல்ல கேஸைப் பாருங்க

9,400 ரூபா! திருகோணமலை டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் தங்கச்சி கட்டின காசு. மாதத்துக்கு ஒருக்கா மாத்துற கொன்டாக்ட் லென்ஸ் ஒரு சோடி, அதை ஊறவைத்துச் சுத்தம் பண்ணுற ஹைட்ரஜன் பெரொக்சைட் சொலூஷன் ஒரு போத்தல். பெட்டி ஏற்கெனவே திறந்திருந்தது, உள்ளே வரவேண்டிய, லென்ஸ் ஊறப்போடுற நெட்டுக் கேஸ் இல்லை. கேட்டதற்கு கடைக்காரர் லாச்சியிலிருந்து இரண்டு கிண்ணி வைத்த தட்டைக் கேஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "கேஸெல்லாம் ஒண்டுதான் தங்கச்சி, பயப்படாம பாவிங்க" என்றிருக்கிறார். வெள்ளைக் கோட்டு, சுவரில் சான்றிதழ். நம்பிட்டாள்.

ஒண்டில்லை ஐயா! நெட்டுக் கேஸின் அடியில் பிளாட்டினம் பூசின சின்ன வட்டத் தகடு இருக்கு. 3% பெரொக்சைட்டைத் தண்ணியும் ஒட்சிசனுமா உடைக்கிறது அதுதான், நுரை பொங்குறதும் அதாலதான். ஆகக் குறைஞ்சது 6 மணித்தியாலம் வேணும். தகடு இல்லாட்டி விடிய விடிய ஊறினாலும் பெரொக்சைட் அப்படியே நிற்கும். அந்த லென்ஸைக் கண்ணில் வைத்தால் கருவிழி வேகும். வெந்தது. கழட்டி எறிஞ்சிட்டு, தண்ணியால் கண்ணைக் கழுவிக் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

கடைக்குப் போனால், "வடிவா அலசியிருக்க மாட்டா." லென்ஸுக்குள்ள ஊறினது அலசினாப் போகுமா? அடுத்த நாள், "முதலாளி கொழும்பில." அதுக்கடுத்த நாள், "திறந்த போத்தல் எடுக்க மாட்டம்." திறந்து தந்ததே நீங்கதானே! இப்ப போனும் எடுக்கிறாங்கள் இல்லை. 9,400 ரூபா.

லென்ஸ் சுத்தம் பண்ணுற எல்லா முறையையும் ஒப்பிட்டு எழுதத்தான் இருந்தேன், கோபத்தில் கை ஓடுதில்லை. அவசரத்துக்கு இது: பெரொக்சைட் என்றால் சீல் உடையாத பெட்டி, புதுப் போத்தலுக்குப் புதுக் கேஸ். பழைய கேஸின் தகடு நாள்போகத் தேயும். பார்மசியில் புண்ணுக்கு விக்கிற பெரொக்சைட் வேண்டவே வேண்டாம். பல்தேவைச் சொலூஷன் (கழுவ, அலச, ஊறவைக்க எல்லாத்துக்கும் ஒரே போத்தல்) என்றால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, அலசி, போத்தலில் போட்டிருக்கிற நேரம் ஊற விடுங்க. நேற்றையதுக்கு மேல இன்றையதை ஊத்தாதீங்க. செலைன் என்ற உப்புக் கரைசல் அலச மட்டும்தான், கிருமி சாகாது. கிணத்துத் தண்ணி, பைப் தண்ணி லென்ஸிலும் கேஸிலும் படக்கூடாது, அகாந்தமீபா என்ற கிருமி பார்வையையே பறிக்கும். கன்னியா வெந்நீர்க் கிணத்தில் குளிக்கிறதுக்கும் லென்ஸைக் கழட்டிட்டுத்தான் போகணும்.

பில்லை எறியாதீங்க. எங்கட 9,400 ரூபா பில் கையில இருக்கு, நாளைக்கு பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற போன் நம்பருக்கு அடிக்கிறேன்.